கொளஞ்சிநாதன் வண்டியை விட்டு இறங்கிய ஞாயிறு

வடக்குத்து கொளஞ்சிநாதனுக்கு நாற்பத்தொன்பது வயது. வார நாட்களில் நெய்வேலி நகரியத்தில் கான்ட்ராக்ட் பஸ் ஓட்டுகிறார். விடிவதற்குள் பிளாக் பிளாக்காகச் சுற்றி முதல் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் மைன்ஸ் வாசலில் இறக்குவார். மத்தியானம் அதே ஆட்களைத் தூசியும் களைப்புமாகத் திரும்ப ஏற்றி வருவார். ஞாயிற்றுக்கிழமையானால் சுற்றுலா வேன்.

அந்த வேனுக்கு ஓய்வே கிடையாது. நகரியத்தில் குடியிருப்பவர்கள் எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் வீட்டுக்குத் தேனியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் விருந்தாளிகள் வருவார்கள். வந்தவர்கள் இரண்டாம் நாளே கடல் பார்க்கவேண்டும் என்பார்கள். உடனே கொளஞ்சிநாதனுக்குப் போன் வரும். கடலூர் தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, பிச்சாவரம், இன்னும் தெற்கே தரங்கம்பாடி என்று பத்தொன்பது வருடமாக அவர் போகாத கரை இல்லை. எந்த ஊரில் எந்த மரத்தடியில் வண்டியை விட்டால் மூன்று மணி வெயில் படாது, எந்தக் கடையில் டீ நன்றாயிருக்கும், எங்கே பஞ்சர் ஒட்டுவார்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

போகிற வழியில் கதையும் சொல்லுவார். தேவனாம்பட்டினம் கோட்டையைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்கவே சில குடும்பங்கள் முன்சீட்டுக்குப் போட்டி போடும். "கோட்டைய வெலைக்கு வாங்கினான் பாருங்க வெள்ளக்காரன், அவங்கிட்ட சொன்னாங்களாம், பீரங்கியில குண்டு போடு, எங்க போய் உழுதோ அதுவரைக்கும் ஒன் எல்லைன்னு. இன்னிக்கும் அந்த ஊருங்களுக்குக் குண்டு கிராமம்னு பேருங்க" என்பார். அது நடந்த விஷயம்தான். ஆனால் அதோடு நிறுத்தமாட்டார். கோட்டைச் சுவர் பனைமர உயரம் என்பார், உள்ளே ஏழு பீரங்கி வரிசையாக நிற்கிறது என்பார்.

போன வருடம் வரை அந்தக் கோட்டையை அவர் பார்த்ததே இல்லை. பிச்சாவரத்தில் தண்ணீருக்குள் நிற்கிற காட்டையும் பார்த்ததில்லை. ஆட்களை இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்துகொள்வார். திரும்பி வருகிறவர்கள் ஏறும்போது பேசிக்கொள்வதைக் காதில் வாங்கி, அடுத்த வாரம் வருகிறவர்களுக்கு அதைச் சொல்லுவார். டிரைவர் வண்டியோடு இருப்பது வழக்கம்தானே, யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

ஒருத்திக்கு மட்டும் பட்டது. அவர் மனைவி மலர்கொடிக்கு.

மலர்கொடி பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைக்கிறாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். ஊரையெல்லாம் கடலுக்கு அழைத்துப் போகிற புருஷன் தன்னை ஒருநாளும் அழைத்துப் போனதில்லை. ஆரம்பத்தில் கேட்டாள். அடுத்த வாரம் என்றார். பிறகு தை முடியட்டும் என்றார், மழை விடட்டும் என்றார். ஏழெட்டு வருடம் கேட்டுவிட்டு அவளும் விட்டுவிட்டாள். முந்திரி எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்களோடு, படித்த குடும்பங்கள் உலாவுகிற இடத்தில் தன்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள இவருக்குக் கூச்சம் போலிருக்கிறது என்று மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

சென்ற மாசி மாதம் கம்பெனிப் பெண்கள் பதினான்கு பேர் சேர்ந்து ஒருநாள் சுற்றிப் பார்க்கப் போவது என்று முடிவு செய்தார்கள். கிளப்பிவிட்டவள் தேவயானி. மலர்கொடி வயதுக்காரி, கம்பெனியில் அவள் பேச ஆரம்பித்தால் கொட்டை உடைக்கிற சத்தம் கேட்காது. வேன் யாருடையது என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் மலர்கொடியைப் பார்த்தார்கள். அவளும் வீட்டுக்கு வந்து, கம்பெனியிலிருந்து ஒரு டிரிப் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். கொளஞ்சிநாதன் தேதியைக் குறித்துக்கொண்டார். ஞாயிறு காலையில் வண்டியைக் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது, மலர்கொடி மஞ்சள் சேலை கட்டி, கையில் புளிசாதத் தூக்கோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நீயுமா வர்ற?" என்றார்.

"பதினாலு பேருல நானும் ஒருத்திங்க" என்றாள்.

மற்ற பெண்களையும் ஏற்றிக்கொண்டு வடலூர், குறிஞ்சிப்பாடி தாண்டுகிறவரை அவர் வாயைத் திறக்கவில்லை. பின்னால் தேவயானி, கொளஞ்சி அண்ணன் கதை சொல்லுவார் என்றார்களே, ஊமையாக வருகிறாரே என்று ஆரம்பித்தாள். அதன்பிறகுதான் குண்டு கிராமம் வந்தது, பனைமர உயரச் சுவர் வந்தது, ஏழு பீரங்கியும் வந்தது. பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். போன வருடம் கல்யாணமாகி வேலைக்குச் சேர்ந்த அகிலா மட்டும் செல்போனில் ஏதோ தேடிப் பார்த்துவிட்டு, பீரங்கி படத்தையே காணோமே மாமா என்றாள். அங்கே படம் எடுக்க விடமாட்டார்கள் என்று சமாளித்தார்.

தேவனாம்பட்டினத்தில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். மலர்கொடி இறங்கவில்லை. அவரும் வராவிட்டால் தானும் இறங்கப்போவதில்லை என்று நேராகக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வண்டியில் பை இருக்கிறது, சாமான் இருக்கிறது என்றார். தேவயானி வந்து ஜன்னல்களை ஏற்றி, கதவைச் சாத்தி, பூட்டச் சொல்லி நின்றாள். வேறு வழியில்லாமல் இறங்கினார்.

கெடிலம் ஆற்றோரம் கோட்டை இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, கூட்டத்திலேயே அதிகம் திகைத்துப்போனவர் கொளஞ்சிநாதன்தான். பனைமர உயரச் சுவர் எங்கேயும் இல்லை. பழைய கட்டிடமும், அங்கங்கே இடிந்த செங்கல் சுவரும், அதன் இடுக்கில் முளைத்த அரசங்கன்றும், முள்ளும்தான் இருந்தன. இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏழு பீரங்கியும் எங்கண்ணே, மேய்ச்சலுக்குப் போயிருக்குதா?" என்றாள் தேவயானி.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. கொளஞ்சிநாதனும் சிரித்துவிட்டார். ஆனால் அவர் அங்கிருந்து நகரவில்லை. ஒரு செங்கல்லைத் தொட்டுப் பார்த்தார். நம் ஊர்ச் செங்கல்லைவிடச் சன்னமாக இருக்கிறது என்று மலர்கொடியிடம் காட்டினார். இங்கே நின்று சுட்டால் குண்டு எந்தத் திசையில் போயிருக்கும் என்று ஆற்றையும் ஊரையும் மாறிமாறிப் பார்த்தார். இத்தனை வருடம் வாயால் கட்டி வைத்திருந்த கோட்டையைவிட, இந்த இடிசுவர் அவருக்குப் பிடித்துவிட்டது.

பிறகு கடற்கரை. பெண்கள் முழங்கால் அளவு தண்ணீரில் கைகோத்து நின்று, அலை வரும்போதெல்லாம் கூச்சலிட்டார்கள். கொளஞ்சிநாதன் மட்டும் ஈரமணல் தொடங்குவதற்குப் பத்தடி முன்னாலேயே நின்றுகொண்டார். அலை கொஞ்சம் கூடுதலாக ஏறினால், அவரும் கொஞ்சம் பின்னால் போனார். மலர்கொடி தண்ணீரில் நின்றபடியே அதைப் பார்த்தாள்.

பரங்கிப்பேட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு தோப்பில் சாப்பிட்டுவிட்டு, வெள்ளாற்றுப் பாலம் தாண்டிப் பிச்சாவரம் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. படகுத்துறையில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளை மாட்டிவிட்டு, ஐந்தைந்து பேராக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு படகு கிளம்பிவிட்டது. தேவயானி, அகிலா, மலர்கொடி, இன்னும் ஒருத்தி மிச்சம். அந்த இன்னொருத்தி சாப்பிட்ட வயிறு சரியில்லை என்று வேனிலேயே படுத்துவிட்டாள். அதுதான் சாக்கென்று, அந்தப் பெண்ணுக்குத் துணை வேண்டாமா, நான் இருக்கிறேன் என்றார் கொளஞ்சிநாதன். அப்போதுதான் மலர்கொடி அவரைத் தனியே ஒரு புங்கமரத்தடிக்கு அழைத்துப் போனாள்.

"ஒண்ணு கேக்கறன், மறைக்காம சொல்லுங்க. என்னயப் பக்கத்துல வச்சிகினு போறதுக்கு ஒங்களுக்கு வெக்கமா?"

அவருக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. அவள் கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"வெக்கமெல்லாம் இல்ல மலரு. எனக்குத் தண்ணின்னா பயம்" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பத்து வயதில் நீச்சல் பழக்குகிறேன் என்று அவருடைய அண்ணன் சின்னதுரை, காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டான். கயிறு அவிழ்ந்துவிட்டது. குடுக்கை மேலே மிதக்க, அவர் கீழே போனார். மோட்டார் போட வந்த ஒருவர் குதித்துத் தூக்கினார். அன்றிலிருந்து முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் மூச்சு அடைத்துக்கொள்ளும். ஊரில் எல்லாப் பையன்களும் கிணற்றில் குதிக்கிறபோது இதைச் சொன்னால் கேலி செய்வார்கள் என்று மறைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு, மலர்கொடி தென்பெண்ணை ஆற்றங்கரைக்காரி என்று தெரிந்ததும் இன்னும் கவனமாக மறைத்தார். வண்டியைக் காவல் காப்பது என்பது நல்ல காரணமாக அமைந்துவிட்டது.

மலர்கொடி கேட்டுவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அது எந்தத் தண்ணீர் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை. இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்த கல் இத்தனை லேசான விஷயமா என்று நினைத்ததாகப் பிற்பாடு தேவயானியிடம் சொல்லியிருக்கிறாள்.

"வெள்ளத்துல ஆத்தக் கடந்தவ நானு. நீங்க உழுந்தா இழுத்துகினு வந்துடறன். வாங்க" என்றாள்.

அந்தப் பெண்ணுக்குத் துணையாகப் படகுத்துறைக் கடைக்காரம்மாவை உட்காரவைத்துவிட்டு நான்கு பேரும் படகேறினார்கள். படகு தள்ளியவர் வைத்திலிங்கம் என்று பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர். கொளஞ்சிநாதன் நடுப்பலகையில் உட்கார்ந்து, ஒரு கையால் பலகையையும் மறு கையால் மலர்கொடியின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். அகன்ற நீர்ப்பரப்பைக் கடக்கிறவரை கண்ணைத் திறக்கவில்லை. பிறகு வெயில் சட்டென்று குறைந்தது போலிருக்கவே திறந்தார். இரண்டு பக்கமும் மரங்கள் மேலே கைகோத்திருந்தன. சுரபுன்னையின் வேர்கள் வளைந்து வளைந்து தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. ஒரு வெள்ளைக் கொக்கு வேரில் நின்றபடி இவர்களை லட்சியமே செய்யாமல் மீன் பார்த்துக்கொண்டிருந்தது. துடுப்பு விழுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. தேவயானிகூடப் பேசவில்லை.

திரும்புகிற வழியில் குறுகலான ஒரு வாய்க்காலில் படகு தட்டி நின்றது. நீர் வடிகிற நேரம், அடியில் சேறு பிடித்துக்கொண்டது. வைத்திலிங்கம் கழியால் உந்தினார். படகு நகரவில்லை. அவர் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினார். படகின் மூக்கு இன்னும் ஆழமாகச் சேற்றில் இறங்கியது.

சேற்றில் மாட்டிய வண்டியைப் பார்த்துக் கொளஞ்சிநாதனால் சும்மா உட்கார முடியாது. அது முப்பது வருடப் பழக்கம். "முன்ன தள்ளாத, இன்னும் பொதையும். மூக்கத் தூக்கிப் பின்னால இழுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் காலை வைத்து இறங்கிவிட்டார். மூக்குப் பக்கம் போய்த் தோள் கொடுத்தார். பெண்களைப் பின்பலகைக்கு நகரச் சொன்னார். வைத்திலிங்கம் பின்னாலிருந்து இழுக்க, இவர் தூக்க, மூன்றாவது முறை படகு வழுக்கிக்கொண்டு விடுபட்டது.

அதன்பிறகுதான் அவர் குனிந்து பார்த்தார். தண்ணீர் இடுப்பு வரை இருந்தது.

படகில் மலர்கொடி எழுந்துவிட்டாள், குதிக்கத் தயாராக. அவர் முகம் வெளுத்தது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பிறகு காலால் அடியைத் துழாவிப் பார்த்துவிட்டு, "செருப்பு ஒண்ணு உள்ள போயிடுச்சி" என்றார். தேவயானி தொடங்கி வைத்த சிரிப்பில் கொக்கு பறந்தது. அவரை மறுபடி படகில் ஏற்றுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. மலர்கொடியும் அகிலாவும் ஆளுக்கொரு கை பிடித்து, நெல்மூட்டையைப் போல இழுத்துப் போட்டார்கள். ஒற்றைச் செருப்போடு வந்து, ஈர வேட்டியைப் பிழிந்துவிட்டு, அன்று வேனை ஓட்டினார். வழியெல்லாம் அவர் பேச்சுதான். அந்த வேரைப் பார்த்தீர்களா, அந்தக் கொக்கைப் பார்த்தீர்களா என்று பார்த்தவர்களிடமே சொல்லிக்கொண்டு வந்தார்.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது டிரிப் போனால், வண்டியைப் பூட்டிக்கொண்டு பயணிகளோடு அவரும் இறங்கிவிடுகிறார். தரங்கம்பாடிக் கோட்டைக்குள் முதல்முறை நுழைந்த நாளில் ஒவ்வொரு அறையாகப் பார்த்து, காவலாளியிடம் அவ்வளவு கேள்வி கேட்டதில், ஏறவேண்டிய குடும்பம் வேனருகே முக்கால் மணி நேரம் காத்திருந்தது. பீரங்கி எண்ணிக்கையை அவர் இப்போது கூட்டிச் சொல்வதில்லை. நீச்சலும் பழகுகிறார். வீட்டுக்குப் பக்கத்துக் கொல்லையில் இருக்கிற பம்புசெட் தொட்டியில், மலர்கொடிதான் வாத்தியார். இருபது எண்ணுகிறவரை மிதப்பார், அதற்கு மேல் கால் தானாகத் தரையைத் தேடும். போதும், ஐம்பது வயதுக்கு இது பெரிய விஷயம் என்கிறாள் அவள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு டிரிப் எடுப்பதில்லை. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் மட்டும் போகிறார்கள். போன மாதம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேருகிற இடத்துக்குப் போயிருந்தார்கள். வலை காயப்போட்டிருந்த ஒருவர், அக்கரையில் நண்டு நிறைய ஓடும், படகில் போய்ப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். ஆழம் எவ்வளவு என்றார் கொளஞ்சிநாதன். இரண்டு ஆள் இருக்கும் என்றார் அவர். கொளஞ்சிநாதன் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மலர்கொடிக்கு முன்னால் படகில் ஏறி, அவள் ஏறுவதற்குக் கை நீட்டினார்.