அடையில் இருந்த கோழி

அம்மை இறங்கி மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியபோது அவள் கழுத்து நிற்கவில்லை. இரண்டு வயதுப் பிள்ளை. லயத்து வரிசை வீடுகளின் இஸ்தோப்புத் திண்ணை முழுக்க ஓடித் திரிந்தவள், துணி மாதிரி என் தோளில் கிடந்தாள். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா இமையை விலக்கிப் பார்த்தார்.

"ரத்தமே இல்லயே. தெனம் ஒரு முட்ட குடுங்க. நீங்கதான் கோழி வளக்குறீங்களாமே?"

கோழி இருந்தது. முட்டைதான் இல்லை.

அந்த வருடம்தான் கோழி வளர்க்க ஆரம்பித்திருந்தோம். லயத்துக்குப் பின்னால் என் கணவர் லீக்ஸும் போஞ்சியுமாகக் காய்கறி போட்டிருந்த சரிவில் மேயவிட்டோம். ஒரு பெட்டையைத் தலவாக்கலையில் வாங்கினோம். இன்னொன்றைப் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்கா வாரத்துக்குக் கொடுத்தார். கோழி அவருடையது, வளர்ப்பது நான், குஞ்சில் ஆளுக்குப் பாதி. சேவல் வாங்கவில்லை. லயத்துச் சேவல்கள் எல்லார் வாசலுக்கும் வந்துபோகும்.

அட்டனில் எட்டாம் வகுப்புவரை படித்தவள் நான். கோழிக்கு முதலில் கூடு கட்ட வேண்டும் என்றேன். அக்கா சிரித்தார்.

"அதுக்கு என்னாத்துக்கு புள்ள வீடு? நமக்கே ஒத்தக் காம்பராதான்."

திறந்துவிட்டால் தேயிலைக்குள் போய் முட்டையிட்டுவிடும் என்பதால், காலையில் கோழியின் பின்புறம் விரலை விட்டுப் பார்த்து, முட்டை இருந்தால் அதன்மேல் கூடையைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிக் கொடுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்ப்பேன். அதற்கும் சிரிப்பார்.

வாங்கிய பெட்டையைக் கீரி கொண்டுபோனது. அதற்குப் பின்தான் வீட்டுக்கு அம்மை வந்தது. அம்மை இருக்கும் வீட்டில் முட்டை அவிக்கக் கூடாது. வாரத்துக் கோழி இட்டதெல்லாம் பானையில் சேர்ந்தது. பிறகு அது கொக்கரித்துக்கொண்டு அடைக்கு உட்கார்ந்தது.

"திங்கத்தான் கூடாது. அட வைக்கலாம்" என்றார் அக்கா.

இடிக்கு முட்டை கெடாமல் இருக்கக் கரித்துண்டும் ஆணியும் போட்டு, இருந்த முட்டைகளையெல்லாம் அதன் அடியில் வைத்தேன். மகள் எழுந்து நடக்கும்போது வாசல் நிறையக் குஞ்சுகள் ஓடும் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றிரண்டையாவது எடுத்து வைப்போம் என்று தோன்றவே இல்லை.

அடைக்கோழி முட்டையிடாது. மழையில் லயத்தில் மற்றக் கோழிகளும் நிறுத்திவிட்டன. மண் சரிந்து பஸ் ஓடவில்லை. என் கணவர் லிந்துலை வரை நடந்துபோய், முட்டை கிடைக்காமல் நனைந்த ஜவ்வரிசிப் பொட்டலத்தோடு திரும்பினார். அந்தக் கஞ்சியையும் மகள் துப்பினாள்.

"என்னங்க, அடையில இருந்து ஒன்ன எடுத்துப் பாக்கட்டுமா?"

"எனக்கென்ன தெரியும்? படிச்சவ நீதானே."

படித்ததில் இதற்கு எதுவும் இல்லை. கோழி கொத்தக் கொத்தக் கையை விட்டு ஒன்றை எடுத்து உடைத்தேன். சட்டியில் சிவப்பு நூல்கள் விழுந்தன. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. அடுத்ததாவது வேறாக இருக்கும் என்று அதையும் உடைத்தேன். அதுவும் அப்படித்தான். சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அழவும் முடியாமல் நின்றேன்.

கொழுந்துக் கூடையை இறக்காமலே அக்கா உள்ளே வந்தார். சட்டியைப் பார்த்தார். மகளைத் தொட்டுப் பார்த்தார்.

"கோழியப் புடி."

"அக்கா, அது ஒங்க கோழி."

"எங்கோழிங்கிறதாலதான் சொல்றேன்."

"அப்ப குஞ்சு?"

"குஞ்சு பொரிக்கிற வரைக்கும் இவ தாங்குவாளா? மூஞ்சியப் பாரு புள்ள."

"அம்மை எறங்கின வீடு. இப்பவே அறுத்தா ஆத்தா..."

"தண்ணி ஊத்தியாச்சில்ல? ஆத்தா போயிட்டா. இனி நம்ம பாடு."

அது சரியா என்று எனக்கு இன்னொருவரிடம் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்பதற்கு யாரும் இல்லை. அடைக்கோழி ஓடாது. இரண்டு கையாலும் தூக்கியபோது அதன் வயிறு காய்ச்சல்காரப் பிள்ளையின் உடம்பு மாதிரிச் சுட்டது. அக்கா அதை வாங்கிக்கொண்டு, தண்ணீர் விழும் பீலிக்கரைக்கு அறுக்கப் போனார். மீதி முட்டைகளைக் கம்பளியில் சுற்றி அடுப்பு ஓரத்தில் வைத்தேன். பிழைக்காது என்று தெரிந்துதான் வைத்தேன்.

மிளகு தட்டிப் போட்டுச் சூப்பு வைத்தோம். முதல் கரண்டியை மகள் வாந்தி எடுத்தாள். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அக்கா அவள் தலையைத் தன் மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "ஊத்து" என்றார்.

இரண்டாவது கரண்டியை ஊற்றிவிட்டு அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசைந்தது. வெளியே வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை.

"இன்னொன்னு" என்றார் அக்கா.