கங்காணி ஓட்டுக்கு மேலே ஒரு வீடு

பொன்னையாவின் கல்யாணத்துக்கு ராமநாதன் கங்காணிதான் வேட்டி எடுத்துக் கொடுத்தார். அடுத்த வருஷம் அதே கங்காணி, காலையில் ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வைத்து, பொன்னையாவின் மனைவி பேச்சியம்மாவைப் பிரம்பால் அடித்தார். அவளுக்கு அப்போது ஏழு மாதம். காலைப் பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்தி வந்தாள், அவ்வளவுதான். முதல் அடி தோளில் விழுந்தது. அவள் திரும்பினாள். அடுத்தது வயிற்றில்.

பொன்னையா கான் வெட்டுகிறவர். மழைத் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமலிருக்கத் தேயிலைச் சரிவில் குறுக்கே வெட்டும் வாய்க்காலைத் தோட்டத்தில் கான் என்பார்கள். மம்பட்டி அவர் கையிலேயே இருந்தது. அதைத் திருப்பிப் பிடித்துக் கங்காணியின் வலது முழங்கையில் ஒரே போடு போட்டார். எலும்பு முறிந்த சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டதாம். பச்சை மரம் முறிகிற மாதிரி இல்லை, காய்ந்த மரம் மாதிரி என்று ஒருவர் எனக்குச் சொன்னார்.

இது 1932இல். அன்று பகலே தோட்டத்துத் துரை பத்துச்சீட்டு, அதாவது வேலைநீக்கச் சீட்டு, எழுதிக் கொடுத்துவிட்டார். புருஷனுக்குப் பத்துச்சீட்டு என்றால் பெண்சாதிக்கும் சேர்த்துத்தான். லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவிலிருந்து பானையும் பாயும் வெளியே பறந்தன. அம்மிக்கல்லை இரண்டு பேர் தூக்கிப் பள்ளத்தில் போட்டார்கள். அது உருண்டு போய்ப் பாறையில் மோதி இரண்டாகப் பிளந்தது. பேச்சியம்மா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மாத்தளை றோட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவளுடைய சேலை நனைந்திருந்தது.

புஹாரி நானாவின் கொக்கோ காயவைக்கும் கொட்டிலில் குழந்தை செத்துப் பிறந்தது. புஹாரி டவுனில் கொக்கோவும் மிளகும் யாவாரம் செய்கிறவர். கொக்கோத் தோட்டமும் அவருக்கு உண்டு. பொன்னையா அவரிடம் இடம் கேட்டு, குழந்தையைத் தோட்டத்து மூலையில் புதைத்தார். கங்காணியின் கையை முறித்த அதே மம்பட்டிதான். வேறு மம்பட்டி அவரிடம் இல்லை.

புதைத்துவிட்டுத் திரும்பி வந்தவர் புஹாரியிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"நானா, யாரும் எங்கள வெளிய போன்னு சொல்லாத ஒரு எடம் வேணும்."

புஹாரி தாடியைத் தடவினார். "மேல ஒரு சரிவு ஈக்கி. என்ட தோட்டம் முழுக்கக் கான் வெட்டித் தாங்க, எழுதித் தாரன். ஆனா அங்க ஆடு நிண்டாலும் உருளும், பாத்துக்கங்க."

"ஆடு உருளட்டும் நானா. நான் நிப்பேன்."

"அது மட்டுமில்ல. சரிவுக்கு நேர் கீழ யார்ட வீடு தெரியுமா?"

தெரியும். ராமநாதன் கங்காணி தோட்டத்துக்கு வெளியே காணி வாங்கிக் கட்டிய ஓட்டு வீடு. சரிவில் நின்றால் அதன் முகடுதான் காலடியில் தெரியும். பொன்னையா போய் நின்று அந்தச் சிவப்பு ஓடுகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு வந்து, "அதுவே போதும் நானா" என்றார்.

முதல் மழைக்காலம் முழுவதும் அவர் ஒரு கல்லும் வைக்கவில்லை. மழை பெய்யும்போது சரிவில் போய் நின்றார். தண்ணீர் எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது, எந்தப் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போகிறது என்று பார்த்துக் குச்சி நட்டார். வெறிபிடித்தவன் போல மழையில் நிற்கிறான் என்று ஊரில் சொன்னார்கள். மழை விட்டபோது சரிவில் நூற்றுக்கும் மேலே குச்சிகள். அதன்படி கான்கள் வெட்டினார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கங்காணி வீட்டுப் பக்கம் போகாமல் எல்லாவற்றையும் கொக்கோத் தோட்டத்து ஓடைக்குத் திருப்பினார். ராமநாதனுக்கு அவர் செய்த ஒரே மரியாதை அதுதான்.

பிறகு மலையை வெட்டினார். பகலில் புஹாரியின் கான், பொழுது சாய்வதற்கு முன் ஒரு மணி நேரம் தன் மலை. வெட்டிய மண்ணை முன்பக்கம் தள்ளிக் கல்கட்டு எழுப்பினார். பேச்சியம்மா கல் சுமந்தாள். இரண்டாம் வருஷம் பாலாமணி பிறந்தாள். பதினாறாம் நாள் தாய் மறுபடியும் கல் சுமந்தாள். வேண்டாம் என்று பொன்னையா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு அப்போது வீட்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

கங்காணி கீழிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். வலது கை அவருக்கு நீளவே இல்லை, மடங்கியபடியே இறுகிப்போனது. இடித்துவிடலாமா என்று ஆட்கள் கேட்டபோது அவர் சொன்னதை டவுன் முழுவதும் சொல்லிச் சிரித்தார்கள்:

"கட்டட்டும்டா. அரைக் கட்டுல இடிச்சா என்ன ருசி இருக்கு?"

மூன்றாம் வருஷம் பேச்சியம்மாவின் அண்ணன் அழகுமுத்து நாலந்தாப் பக்கம் றோட்டு வேலையை விட்டுவிட்டு உதவிக்கு வந்தான். வீடு சுவர் மட்டத்துக்கு எழுந்திருந்தது. அவன் முன் திண்ணையான இஸ்தோப்பில் ஏறி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். மூன்று அறைகள் ஒரே வரிசையில் நின்றன. மூன்றுக்கும் முன்பக்கம் ஒவ்வொரு கதவு. பின்சுவரில் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை.

"மச்சான், எனக்கு எத்தனாம் நம்பர் காம்பரா?"

"என்னது?"

"லயந்தானே கட்டி வச்சிருக்கீங்க. வெள்ளையடிச்சு நம்பர் போட வேண்டியதுதான் பாக்கி."

மம்பட்டி பறந்து வந்தது. அழகுமுத்து குதித்தும் முழங்காலுக்குக் கீழே தோலைச் சீவிக்கொண்டு போனது. அவன் உட்கார்ந்து துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டே சிரித்தான். "எனக்கு வாய்தான் கெட்டது. ஆனா லயந்தான் மச்சான் இது."

பேச்சியம்மா முன்னமே கேட்டிருந்தாள், பின்னால் ஒரு வாசல் வைத்தாலென்ன என்று. "பின்னால என்ன இருக்கு? மலைதானே. மலைக்கு வாசல் வைக்கிறதா?" என்று அவளை அடிக்கக் கை ஓங்கினார். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவர். காம்பராவின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு காம்பராவின் முதுகுதான் இருக்கும். வீடு என்றால் அவருடைய கைக்குத் தெரிந்த உருவம் அது ஒன்றுதான். அது தன் கையிலிருந்தே வந்திருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் இடிக்கவும் இல்லை. மலை சரிந்தாலும் தாங்க வேண்டும் என்று அந்தப் பின்சுவரைத்தான் கல்லும் மண்ணுமாக இரண்டு முழ அகலத்துக்கு எழுப்பியிருந்தார்.

1936 தை மாதம் ஒரு புதன்கிழமை காலையில் பால் காய்ச்சுவது என்று முடிவானது. வெள்ளிக்கிழமை நொத்தாரிசின் அலுவலகத்தில் காணிக்கு உறுதிப் பத்திரம் எழுத வேண்டும். புஹாரி ஞாயிற்றுக்கிழமை ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார்.

"ஹஜ்ஜுக்குப் போற மனிசன் வாக்கெ பாக்கி வெச்சிட்டுப் போகப்படாது," என்றார் அவர். "வெள்ளிக்கிழம நீங்க கட்டாயம் கந்தோருக்கு வரணும். வராட்டி என்ட மகன்மார் இதெ உங்களுக்கு உட மாட்டாங்க. கங்காணி மூணு தரம் ஆள் அனுப்பிக் கேட்டுட்டான்."

புதன்கிழமை வெயில் ஏறும் நேரம் பால் பொங்கிக்கொண்டிருந்தது. நடு அறையில் பொன்னையா, பேச்சியம்மா, இடுப்பில் பாலாமணி, வாசலோரம் அழகுமுத்து. கங்காணியின் ஆட்கள் ஆறு பேர் கல்கட்டில் ஏறி வந்தார்கள். எல்லார் கையிலும் கவ்வாத்துக் கத்தி, தேயிலைச் செடியின் கிளையை ஒரே வெட்டில் துண்டாக்குகிற வளைந்த கத்தி. ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு பேராக நின்றார்கள். அதில் ஒருவன் எட்டி இறவாரத்தில் தீ வைத்தான்.

கூரை மானாப்புல். தை வெயிலில் காய்ந்தது. தீ ஏறவில்லை, பாய்ந்தது.

அழகுமுத்து கல் நெம்பும் அலவாங்கை எடுத்துக்கொண்டு வாசலை மறித்தான். முதலில் நுழைந்தவனின் தோளில் அது இறங்கியது. அவன் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தான்.

"மச்சான், செவுத்த ஒடைங்க!"

"நீ உள்ள வா!"

"பேசாம ஒடைங்க!"

பொன்னையா மம்பட்டியால் பின்சுவரைக் கொத்தினார். தன் கையால் கட்டிய சுவர் அவருக்கு இளகவில்லை. மேலிருந்து எரிகிற புல் கொத்துக் கொத்தாக விழுந்தது. கல் ஒன்று அசைந்ததும் மம்பட்டியைப் போட்டுவிட்டு விரலைக் கொடுத்துப் பிடுங்கினார். அந்தக் கல் சுட்டது. அடுத்த கல்லைப் பிடுங்கியபோது நகம் அதோடு போனது. பின்னால் கத்தி எலும்பில் இறங்கும் சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நாலு பேரும் உள்ளேயே கருகியிருப்போம் என்று பிற்பாடு சொன்னார். சொல்லும்போது அழகுமுத்துவின் பெயரைச் சொல்லவில்லை.

ஓட்டை குழந்தை அளவுக்கு வந்ததும் பாலாமணியைத் தள்ளினார்கள். இன்னும் இரண்டு கல். பேச்சியம்மா தலைமயிர் எரிய வெளியே விழுந்தாள். சுவருக்கும் மலைக்கும் நடுவே கான் ஓடியது. அதில் படுத்துப் புரண்டு தீயை அணைத்தாள். பொன்னையா மம்பட்டியோடு இறங்கினார். அடுத்த நொடி முகட்டு வளை முறிந்து, கூரை அழகுமுத்துவின் மேல் உட்கார்ந்தது.

கானிலேயே தவழ்ந்து சுற்றி வந்து முன்பக்கம் ஏறியபோது அங்கே ஆட்கள் இல்லை. அழகுமுத்து செத்ததும் ஓடிவிட்டார்கள். கீழே பாதையில் ராமநாதன் கங்காணி மட்டும் இடது கக்கத்தில் குடையோடு நின்றார். பொன்னையா கல்கட்டிலிருந்து குதித்து அவர் முன்னால் போய் மம்பட்டியை ஓங்கினார்.

கங்காணி நகரவில்லை.

"அடிடா. நல்லா அடி. நாளன்னிக்கு நீ லாக்கப்புல இருப்ப. உறுதிய நான் எழுதிக்கிறேன்."

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அவர் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, மாடு செருமுகிற மாதிரி. பேச்சியம்மா குழந்தையைப் பாதையோரம் இறக்கிவிட்டு வந்து, மம்பட்டிப் பிடியில் கை வைத்தாள். மயிர் கருகி ஒரு பக்கம் தோல் தெரிந்தது.

"குடுங்க."

"தள்ளிப் போ, பேச்சி."

"உறுதியில யாரு கைநாட்டு? ஒங்களதா, என்னதா?"

பொன்னையாவின் பிடி இளகியது.

"ஒங்களதுதானே? அப்ப குடுங்க."

கங்காணி சிரித்தார். "பொம்பளைய முன்னால விட்டுட்டு நிக்கிறியேடா. இவ என்ன..."

மம்பட்டி அவள் கைக்கு மாறிக் கங்காணியின் முழங்காலில் விழுந்தது. அவர் சாய்ந்ததும் தலையில் விழுந்தது. குடை உருண்டு போனது. அவள் மறுபடியும் ஓங்கியபோதுதான் பொன்னையா அவளை இடுப்போடு கட்டிப் பிடித்து இழுத்தார். "நீங்க தொடல," என்றாள் மூச்சிரைக்க. "கேட்டாச் சொல்லுங்க. நீங்க தொடவே இல்ல." மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அவளே பொலிசுக்கு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை பொன்னையா நொத்தாரிசின் கந்தோருக்கு வந்தார். நான் அப்போது அங்கே பிரதி எழுதிக்கொண்டிருந்தேன். இடது பெருவிரலை மையில் ஒற்றிப் பதித்தபோது கறுப்பு அப்பிற்றே தவிர ரேகை விழவில்லை. தோல் வெந்து உரிந்திருந்தது. வலது விரலும் அப்படியே. நொத்தாரிசு ஒவ்வொரு விரலாகப் பார்த்து வந்தார். இடது கைச் சுண்டுவிரலில்தான் கொஞ்சம் ரேகை மிஞ்சியிருந்தது. புஹாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சன்னமாக ஏதோ ஓதினார்.

வழக்கு நாளில் கோட்டில் பேச்சியம்மா, அவளுக்காக வாதாடிய அப்புக்காத்து சொல்லிக் கொடுத்தது எதையும் சொல்லவில்லை. கோபத்தில் அடித்தாயா என்று கேட்டார்கள். "இல்ல சாமி. அவரு அடிச்சிருந்தா நெலம் போயிருக்கும். அதனால நான் அடிச்சேன்." மொழிபெயர்க்கிற கோட்டு முதலியார் அதை இங்கிலீசில் சொன்னபோது நீதவான் இன்னொரு தரம் கேட்டாராம். நாலு வருஷம் விழுந்தது. வில்கமுவக் காட்டில் ஒளிந்திருந்த இரண்டு பேரைப் பிடித்து அவர்களையும் மறியலில் அடைத்தார்கள். கங்காணி வேடிக்கை பார்த்தவர் என்று விட்டுவிட்டார்கள். அவர் சாகவில்லை. ஒரு பக்க வாய் கோணி, ஓட்டு வீட்டு இஸ்தோப்பில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார்.

1940இல் பேச்சியம்மா மேலே ஏறி வந்தபோது நானும் பாதையில் இருந்தேன். கான்கள் புது வெட்டு மாதிரி சுத்தமாக இருந்தன. வீடு இல்லை. கருகிய சுவரை அகற்றிக் கூட்டிப் பெருக்கிய வெறும் நிலம், ஓரத்தில் தகரச் சாய்ப்பு ஒன்று. அதில் பொன்னையாவும் பாலாமணியும்.

"உறுதி எங்க?"

அவர் பிஸ்கட் தகரத்திலிருந்து எடுத்து நீட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. விரல் பதிந்த இடத்தைத் தேடித் தொட்டுப் பார்த்தாள். மடித்துத் தகரத்துக்குள் திரும்ப வைத்தாள். பிறகு, ஏழு வயதை எட்டும் மகளுக்கு முன்னால், புருஷன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"நாலு வருசம் என்னத்தடா பண்ணுன?"

அவர் கன்னத்தைத் தடவவில்லை.

"மூணு தரம் கல்லு வச்சேன். வச்சு வச்சுப் பிரிச்சேன். என் கைக்கு லயத்தத் தவிர வேற மாதிரி வரல பேச்சி."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெறும் நிலத்தில் இறங்கி நடந்தாள். நடுவில் ஓரிடத்தில் நின்று கீழே பார்த்தாள். அண்ணன் கிடந்த இடத்து மண் இன்னும் கறுத்திருந்தது. அதை மிதிக்காமல் சுற்றிப் போய், மலையை ஒட்டிய மூலையில் குந்தி, காற்று எந்தப் பக்கம் வருகிறதென்று கையை நீட்டிப் பார்த்தாள்.

"அடுப்பு இங்க," என்றாள். "மத்ததெல்லாம் இதுலேர்ந்து வரட்டும். மம்பட்டிய எடுங்க."