முகத்தில் அடித்த காற்று

பாய்க்காரருக்குக் கை முந்தும், பேச்சு பிந்தும். பாய்மரப் படகிலேயே ஆயுளைக் கழித்தவர். பின்காற்றில் ஓடுகையில் காற்று சட்டென்று முகத்துக்குத் திரும்பினால், பாயின் கழி வீசியடித்து மண்டையைப் பிளந்துவிடும். கூடப்பிறந்த அண்ணனை அப்படித்தான் பறிகொடுத்தார். அதற்கப்புறம் துறைமுகத்தில் அவர் உடைக்காத மூக்கு கம்மி.

கடைசியாக உடைந்தது மச்சானின் பல். லேத்துப் பட்டறைக்காரன் அவன். பின்காற்றில் ஓடி அந்தக் காற்றையே முந்தும் வண்டி செய்கிறேன் என்றதற்கு அந்தக் குத்து.

"இன்னொரு தடவை என் தம்பிமேல கை வெச்சீங்க, அன்னைக்கே கிளம்பிடுவேன்" என்றாள் மனைவி. சொன்னால் செய்கிறவள்.

வண்டி தயாரானதும் பழைய விமான ஓடுபாதைக்கு மூவரும் போனார்கள். மூன்று சக்கரம், பின்னால் ஆள் உயர இறக்கை வைத்த காத்தாடி, முன் கம்பியில் ஒரு ரிப்பன்.

"காத்து தள்ற வண்டி காத்தை எப்படிடா முந்தும்?"

"காத்தாடி சக்கரத்தைச் சுத்த வைக்காது அத்தான். சக்கரம்தான் சங்கிலி வழியா காத்தாடியைச் சுத்த வைக்கும், அது காத்தைப் பின்னால தள்ளும். தரை நிக்குது, காத்து ஓடுது; அந்த வித்தியாசத்துலதான் வண்டி பிழைக்குது."

"பல்லு போயும் வாய் அடங்குதா பாரு!" என்று அவரே ஏறி உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியது. முன்னோக்கிப் படபடத்த ரிப்பன், வேகம் ஏற ஏறத் துவண்டு தொங்கியது. அத்தோடு நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. ரிப்பன் எழுந்து அவர் பக்கமாகப் பறந்தது. காற்று முகத்தில் அறைந்தது.

காற்று திரும்பிவிட்டது! அண்ணனின் பிளந்த மண்டை கண்ணில் வந்து நின்றது. தலையைக் குனிந்துகொண்டு பிரேக்கை ஒரே மிதி மிதித்தார். சங்கிலி அறுந்து சாட்டையாய் முதுகைக் கிழித்தது. காத்தாடி பிய்ந்து பறக்க, வண்டி குட்டிக்கரணம் போட்டது.

ஓடிவந்து குனிந்த மச்சானின் சட்டையைத் தரையில் கிடந்தபடியே எட்டிப் பிடித்தார். "காத்து திரும்புற நேரம் பாத்து என்னை ஏத்திவிட்டியாடா? கொல்லப் பாத்தியா?" முஷ்டி ஓங்கியது.

"காத்து திரும்பலைங்க" என்றாள் மூச்சு வாங்க வந்துசேர்ந்த மனைவி. "என் தலைப்பு எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாருங்க. பாத்துட்டு அடிங்க."

வண்டி ஓடிய திசைக்கே பறந்துகொண்டிருந்தது தலைப்பு. துணியைப் பார்த்துக் காற்றை அளந்தே நரைத்தவர் அவர். ஓங்கிய முஷ்டியை ஓடுபாதையில் இறக்கினார். விரல் எலும்பு நொறுங்கும் சத்தம் மூவருக்கும் கேட்டது.

"காத்தை முந்திட்டேன்டா" என்று ரத்தத்தைத் துப்பினார்.

"சரிங்க அத்தான். மொதல்ல சட்டையை விடுங்க."