பசை வாசனைக்கு அஞ்சிய சோபாக்காரர்

அந்த வட்டாரத்தில் எந்தச் சோபா உள்வாங்கினாலும் அவரிடம்தான் வரும். எல்லோரும் 'சோபாக்காரர்' என்றே கூப்பிட்டதில் சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஸ்பிரிங் மாற்றுவார், ஸ்பாஞ்ச் வெட்டுவார், பசை தடவி ரெக்சின் ஒட்டுவார். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. அப்படிப்பட்ட மனிதர், ஆறு வயது மகளுக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் வாயடைத்துப்போனார்.

அவருக்கும் சேர்த்துச் சொந்தக்காரர்கள் பேசினார்கள். டிவிதான் காரணம் என்றார் சித்தப்பா. "செல்லம் குடுத்தே கெடுத்துட்டீங்க" என்றாள் அக்கா. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவதில் அவர் மனைவி கெட்டிக்காரி. அவரால் முடியவில்லை. யாருமே சொல்லாத ஒரு காரணத்தை அவரே கண்டுபிடித்திருந்தார்: பட்டறைப் பசை. மனைவி மாசமாக இருந்தபோது தினமும் அந்த வாசனையோடுதானே வீட்டுக்குப் போனார்?

அதிலிருந்து வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் குளியலறைக்கு ஓடுவார். தோல் உரியத் தேய்த்துக் குளித்தாலும் மகளைத் தொடமாட்டார். பட்டறைப் பக்கம் அவளை அண்டவிடுவதில்லை. தொழிலையே விட்டுவிடலாமா என்றும் யோசித்தார். பெற்ற பிள்ளையைக் கட்டிக்கொள்ள முடியாதது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

மகளுக்குப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் அப்பாவையும் வரச் சொன்னாள். மனைவியோடு போன இடத்தில் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார்.

"சார், இதுதான் காரணம்னு ஒண்ணை மட்டும் யாராலயும் கைகாட்ட முடியாது. மரபணுவுக்குப் பெரிய பங்கு இருக்கு. பொறக்கறதுக்கு முன்னாடியே மூளை வேற மாதிரி வளர ஆரம்பிச்சிடுது. வளர்த்த விதத்தால வர்றதில்ல. உங்க பசைமேல பழி போட என்கிட்ட ஆதாரமும் இல்ல. ஒட்டறப்ப ஜன்னலைத் திறந்து வைங்க, அது உங்க நெஞ்சுக்கு நல்லது."

"மரபணுன்னா... எங்க அக்காகிட்டருந்து வந்திருக்குமோ?"

மனைவி சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டாள்.

"உங்க அக்காவையும் விட்டுடுங்க சார்" என்றாள் தெரபிஸ்ட். "பாப்பா பதறும்போது எது அவளை அமைதியாக்குதுன்னு பாருங்க. சில பிள்ளைங்களுக்கு அழுத்திப் பிடிச்சா சுகமா இருக்கும். சிலருக்குத் தொட்டாலே ஆகாது. அவ வழியிலயே விடுங்க."

போதாதா? மேலே போட்டால் அழுத்திப் பிடிக்கட்டுமென்று கனமான போர்வை ஒன்று தைக்க உட்கார்ந்தார் சோபாக்காரர். வெல்வெட் துணி, ஓரத்தில் பட்டி, நடுவில் வரிசையாகப் பொத்தான்கள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சீராகப் போகும் சோபாவுக்குக்கூட அப்படி உழைத்ததில்லை. ஜன்னல்களைத் திறந்துவைத்து மகளைப் பட்டறைக்கு அழைத்துவந்து போர்த்தினார். அவள் பொத்தான்களைத் தடவிப்பார்த்து முகம் சுளித்துப் போர்வையைத் தூக்கி எறிந்தாள்.

பிறகு அவளாகவே மூலையில் கிடந்த இரண்டு குஷன்களுக்கு நடுவே புகுந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

"அமுக்கு" என்றாள்.

மேலே இருந்த குஷனை அவர் மெல்ல அமுக்கினார். கலகலவென்று சிரித்தாள். "இன்னும்."

கொஞ்ச நேரத்தில் குஷனை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து வந்து அவர் மடியில் உட்கார்ந்தாள். அவருடைய இரண்டு கைகளையும் இழுத்துத் தன்னைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். "அமுக்கு."

அவருக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. இறுக அணைத்துக்கொண்டார். அவள் உடம்பு மெல்லத் தளர்ந்து அவர் நெஞ்சில் சாய்ந்தது.

வாசலில் வாடிக்கையாளர் ஒருவர் எட்டிப்பார்த்தார். "என்னங்க, இன்னைக்குச் சோபா தர்றதா சொன்னீங்களே?"

"நாளைக்கு வாங்க சார்" என்றார் சோபாக்காரர். "எம்பொண்ணு இன்னும் என்னை விடல."