வெந்நீர்த் தொட்டியில் ஒரு முழுக்கு

போன வாரம் ஜப்பானில் ஒரு கிழவரிடம் ஏச்சு வாங்கினேன். பிழை என்னுடையதுதான். அவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வாராவாரம் எழுதும் இந்தப் பக்கத்தில் நான் யாருக்காவது நன்றி சொல்லி எத்தனை காலம்...?

மனைவியின் அக்கா மகன் நிரோசன் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறான். டிக்கெட் எடுத்து அனுப்பி, “வந்து பாருங்க சித்தப்பா” என்றான். போனேன். கியோட்டோவுக்கு வெளியே மலைப்பக்கம் ஒருநாள் பயணம். காலையில் இரண்டு கோயில்கள். பிறகு ரியோகான் என்கிற பழைய பாணி விடுதி ஒன்றில் வெந்நீர்க் குளிப்பும் சாப்பாடும். இரவு தங்கத் தேவையில்லை.

முதல் கோயில் முடிந்தது. இரண்டாவது கோயிலின் படியில் கால் வைக்கப் போகிறேன் – போன் அடித்தது. ஊரில், கல்லடியிலிருந்து மனைவி.

“இஞ்ச பாருங்க, மாங்கேணி அண்ணன் போயிட்டாராம். நாளைக்கு எடுக்கிறாங்க. நீங்க முழுகுங்க.”

மாங்கேணி அண்ணன் என் பெரியப்பா மகன், மாங்கேணியில் இருந்தவர். கடற்தொழில். மீன் குறைந்த நாட்களில் அவர் சாமியையே நிற்க வைத்து ஏசுவார் என்று இரண்டு வருடத்துக்கு முன் இங்கே எழுதினேன். ஊரெல்லாம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அதன் பிறகு என்னோடு பேச்சில்லை. நானாவது போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை. திமிர்.

இப்போது எடுப்பதற்குள் ஊர் போய்ச் சேரவும் வழியில்லை. அவருக்காக நான் செய்ய மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. சாவுச் செய்தி கேட்டால் தலைமுழுக வேண்டும். அதையாவது ஒழுங்காகச் செய்ய நினைத்தேன்.

சாவுத் துடக்கோடு, அந்தத் தீட்டோடு கோயிலுக்குள் போக முடியுமா? வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

“உள்ள வாங்க சித்தப்பா. இஞ்ச ஆருக்குத் தெரியப் போகுது?”

“சாமிக்குத் தெரியும்டா.”

“இது புத்தர். அவருக்குத் துடக்கு இல்ல.”

“எனக்கு இருக்கு. நீ போய்ப் பாத்திட்டு வா.”

அவன் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான். “குளிக்கிற இடம் மத்தியானம்தான் திறப்பாங்க” என்று மட்டும் சொன்னான். காத்திருந்தோம்.

விடுதியில் ஆண்களுக்குத் தனிக் குளியலறை. உடம்பில் ஒரு துண்டுத் துணி இருக்கக் கூடாது. அதைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதலாம்... எழுத மாட்டேன். சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பொதுத் தொட்டியில் இறங்க வேண்டும். கழுவினேன். இறங்கினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்கு. இரண்டு. மூன்று.

எழும்பிப் பார்த்தால், எதிரே இருந்த கிழவர் தன் தலையைத் தட்டிக் காட்டி ஏசிக்கொண்டிருக்கிறார்.

“என்னவாம் இவருக்கு?”

நிரோசன் முகம் வெளுத்துவிட்டது. “தலைய உள்ள விடப்படாது சித்தப்பா. எல்லாரும் இறங்கிற தண்ணி. நான் சொல்ல மறந்திட்டன். ஏன் அப்பிடிச் செய்தநீங்க எண்டு கேக்கிறார்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “என்ட அண்ணன் செத்திட்டார் எண்டு சொல்லு. அதுக்குத்தான் முழுகினன் எண்டு சொல்லு.”

சொன்னான். கிழவர் தொட்டியைவிட்டு ஏறினார். கழுவும் இடத்துக்குப் போய் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். மர வாளியில் தண்ணீர் பிடித்துக் கைவிட்டுச் சூடு பார்த்தார். வந்து உட்கார் என்று எனக்குக் கை காட்டினார்.

போய் உட்கார்ந்தேன். எத்தனை தரம் என்று நிரோசனிடம் கேட்டார். அவன் மூன்று விரலைக் காட்டினான்.

ஒன்று வார்த்தார். இரண்டு வார்த்தார். மூன்றாவது வாளியை ஊற்றாமல் பிடித்துக்கொண்டே நின்றார் – நான் அழுது முடிக்கட்டும் என்று. முடித்தேன். ஊற்றினார். தலை குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பத் தொட்டிக்குள் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான்.

அவர் ஏசியது நியாயம். ஆனால் ஏசும்போதே ஏன் என்றும் கேட்டாரே... நான் கேட்பேனா? ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுப் போக வேண்டிய எங்கள் கோயிலுக்குள் ஒருமுறை ஒரு வெளியூர்க்காரர் சட்டையோடு வந்துவிட்டார். சனத்துக்கு முன்னால் வைத்து அவரைக் கிழி கிழியென்று கிழித்தேன். மனுசன் அப்படியே வெளியே போனார். சட்டைக்குள் என்ன காயம் இருந்ததோ, என்ன வருத்தம் இருந்ததோ – இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு என் சட்டம் பெரிதாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் மாங்கேணி அண்ணிக்குப் போன் எடுத்தேன். என்னோடு பேசுவாவோ என்ற பயத்தோடுதான் எடுத்தேன். பேசினா. ஏசவில்லை. பழைய கதை எதையும் எடுக்கவில்லை.

“முழுகினீங்களா தம்பி?”

“ஓம் அண்ணி. மூண்டு தரம்.”

“அந்நியத்தில தனியக் கிடந்து என்ன செய்தீங்களோ. ஆரு தண்ணி வாத்த?”

“நம்மட ஆள் ஒருத்தர்” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை.