சக்களத்தி வெங்காயம் நறுக்கிய நாள்

என் அத்தானிடம் முப்பதுக்கும் மேற்பட்ட கத்திகள் இருந்தன. ஒன்றைக்கொண்டும் அவர் எதையும் வெட்டியதில்லை. ஒரு ஆப்பிளைக்கூட என் அக்காதான் நறுக்கித் தட்டில் வைத்து நீட்ட வேண்டும்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. கடையின் பின்பக்கம் ஜன்னலில்லாத ஒரு சின்ன அறை, தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றும் ஒரு கல், அதன் முன்னால் ஒரு முக்காலி. லென்ஸின் ஓரத்தைத் தேய்ப்பார், ஊதுவார், விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பார், திருப்தி இல்லாமல் மறுபடி தேய்ப்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. புது டம்ளர் வாங்கினால் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். அப்படிப்பட்ட மனிதரின் கண்ணில், கல்யாணமான புதிதில், ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கத்தி பட்டது. அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார்.

மற்றபடி அவர் பெரிய சிக்கனக்காரர். மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள இரண்டே சட்டை. வேலைக்கு நடைதான். டீக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். மிச்சம் பிடிப்பதெல்லாம் கத்தியாக மாறி அலமாரிக்குள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அலமாரியைத் திறந்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒவ்வொன்றையும் துடைப்பார். விரல் பட்டால் துரு பிடிக்குமாம், மூச்சுக்காற்று பட்டாலும் ஆகாதாம். அந்த நேரத்தில் யாராவது தும்மினால் வீட்டில் கலவரம்தான்.

எனக்கு இதெல்லாம் பிடிபடவே இல்லை. நான் டயர் கடைக்காரன். ஓடாத டயரை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற எவனையும் நான் கண்டதில்லை. "ஏன் அத்தான், வெட்டாத கத்திக்கு எதுக்கு இவ்வளவு விலை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வெட்டாததுனாலதான் மச்சான் விலை," என்றார். கத்தி சேர்ப்பவர்களிடம் அதுதான் சட்டமாம். ஒரு கறை, ஒரு கீறல் விழுந்தால் போதும், விலை பாதியாகிவிடும். வேலை செய்த கத்தி அவர்களுக்கு வெறும் கத்தி.

அலமாரியிலேயே விலை உயர்ந்தது ஒரு சமையல் கத்தி. கையால் அடித்த இரும்பு, கருத்த மரப்பிடி, அலகு முழுக்க நீர் ஓடிய மணல்போல நெளிநெளியாய்க் கோடுகள். அதற்கு மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்டியிருந்தார். சமையலுக்கென்று பிறந்த அந்தக் கத்தி சமையலறை வாசலையே மிதித்ததில்லை. அக்கா அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தாள்.

அக்காவின் ஆத்திரம் பணத்தின் மேல் அல்ல, அத்தான் ஏமாந்துவிட்டார் என்பதில்தான். கத்தி வீட்டுக்கு வந்த மறு வாரமே, நடைபாதைக் கடையில் அதேபோல நெளிகோடு போட்ட கத்திகளை அவள் குவியலாகப் பார்த்துவிட்டாள். ஒரு கத்தி ஒரு கிலோ வெங்காயத்தின் விலைதான். அன்றிலிருந்து பேச்சுக்குப் பேச்சு, "எவர்சில்வர்ல கோடு போட்டு உங்க தலையில கட்டிட்டாங்க," என்பாள். அத்தான் வாயைத் திறக்க மாட்டார். ஏனென்றால் அவருக்கே உள்ளுக்குள் பயம். ஊர் உலகம் சொல்வதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. "ஏமாறலைன்னு உங்கக்கா வாயால ஒரு தடவை கேட்டுட்டா போதும் மச்சான்," என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது குரல் இறங்கிவிடும். பாவமாக இருக்கும்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வழி இல்லாமலும் இல்லை. அவரைப்போலக் கத்தி சேர்க்கும் கூட்டாளிகளில் பெரிய தலை ஒரு பல் டாக்டர். அவர் சொல்லியிருந்தார்: கையால் அடித்த இரும்பு என்றால் புளிப்போ வெங்காயச் சாறோ பட்டதும் நிறம் மாறிவிடும், எவர்சில்வர் அசையாது. ஆனால் நிறம் மாறினால் விலை போய்விடுமே! நிஜமா பொய்யா என்று பார்த்த கையோடு கத்தி கெட்டுப்போகும். அதனால் அந்தக் கூட்டத்தில் யாருமே பார்ப்பதில்லை. எல்லோரும் நம்பிக்கையோடு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். அந்த வருடம் அத்தானின் முறை வந்தது. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு, நாற்காலிக்குப் புதுத் துணி, கூடத்து மேசைமேல் வெள்ளை விரிப்பு. அதில் அத்தனை கத்தியையும் வரிசையாக வைத்து, நட்டநடுவில் சக்களத்தி. ஒத்தாசைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கொரு பெட்டியோடு. ஒருவர் கொண்டுவந்த மடக்குக் கத்தியை வெயிலில் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் மாடிக்குக் கிளம்பினார்கள். அத்தான் முன்னால் ஓடினார்.

அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"என்னங்க, என் கத்தி எங்க?"

அத்தான் படியில் நின்றார். "எந்தக் கத்தி?"

"நம்ம வீட்டுல வெட்டுற கத்தி ஒண்ணுதானே இருக்கு? பிடி உடைஞ்சு சைக்கிள் ட்யூப் சுத்தினது."

அத்தான் குரலைத் தாழ்த்தினார். "காலையில குப்பை வண்டி வந்துச்சு."

"அதுக்கு?"

"போட்டுட்டேன். பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க. கத்தி சேர்க்கிறவன் வீட்டுல அப்படி ஒரு கத்தி கெடந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"சாப்பாடு இல்லன்னா என்ன நெனப்பாங்க?"

அத்தான் என்னைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், ஓடிப்போய் ஒண்ணு வாங்கிட்டு வா," என்று என் தலையில் கட்டிவிட்டு மாடிக்கு நழுவினார். ஞாயிற்றுக்கிழமை பாத்திரக் கடை எங்கே திறந்திருக்கப்போகிறது? நான் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். நேரே கூடத்துக்கு வந்தாள், மேசையை ஒரு பார்வை பார்த்தாள், சக்களத்தியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. இவ்வளவு நல்ல வேடிக்கையைக் கெடுக்க எனக்கென்ன பைத்தியமா?

பின்னாலேயே போய் அடுப்படியில் எட்டிப் பார்த்தேன். அக்கா வெங்காயத்தின் மேல் கத்தியை வைத்தாள். வைத்ததும் வெங்காயம் இரண்டாகிக் கிடந்தது. அவள் கத்தியைப் பார்த்தாள், வெங்காயத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னடா இது? அழுத்தவே இல்லையே. தானா எறங்குது!"

அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததை எடுத்தாள். சரக் சரக்கென்று சத்தம் வேகம் பிடித்தது. பழைய கத்தியோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவள். சின்னப்பிள்ளையில் ஊஞ்சலில் உட்கார்ந்து சிரித்த அதே சிரிப்பு அவள் முகத்தில் வந்தது. சந்தோஷத்தில் தேவைக்கு மேலேயே நறுக்கித் தள்ளினாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

மாடியிலிருந்து இறங்கியவர்கள் வெள்ளை விரிப்பின் நடுவே வெற்றிடத்தைப் பார்த்தார்கள். அத்தானுக்கு முகத்தில் ஈயாடவில்லை. சரக் சரக் சத்தம் வந்த திசைக்கு எல்லோரும் திரும்பினார்கள். அடுத்த நிமிஷம் அடுப்படி வாசல் முழுக்கத் தலைகள்.

"ஐயோ, நீ என்ன காரியம் பண்ணிட்டே!" என்றார் அத்தான்.

"வெங்காயம் நறுக்கினேன். நீங்க என்ன காரியம் பண்ணினீங்கன்னு இவங்ககிட்ட சொல்லட்டுமா?"

பல் டாக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பிறந்த குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் கத்தியை வாங்கினார், ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். பளபளப்பாக இருந்த அலகில் நீலமும் பழுப்புமாக ஒரு மேகம் படர்ந்திருந்தது.

"கறையா டாக்டர்?" என்று கேட்டார் அத்தான்.

"கறைதான்."

"போச்சா?"

"விலை பாதி போச்சு." டாக்டர் மறுபடி சாய்த்துப் பார்த்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார். "ஆனா சார், எவர்சில்வர் கறுக்காது. இது அசல் கையடி இரும்பு. நீங்க ஏமாறலை."

எனக்குத் தலை சுற்றியது. நிஜமா பொய்யா என்று தெரியாதவரைக்கும் முழு விலை. நிஜம் என்று தெரிந்துவிட்டால் பாதி விலை. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நான் டயர் விற்றால் ஒரே மாதத்தில் கடையை மூட வேண்டியதுதான். ஆனால் அங்கே நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

அக்கா கூடையைத் தூக்கிக் காட்டினாள். "இன்னும் நெறைய வெங்காயம் இருக்குங்க. உங்க கத்தியெல்லாம் நெஜமான்னு பார்க்கணும்னா கொண்டாங்களேன்."

வாசலில் இருந்த தலைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பல் டாக்டர் சக்களத்தியை அக்காவிடமே கொடுத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கடைசியாக வெளியேறினார். கூடத்தில் பெட்டிகள் டப் டப்பென்று மூடுகிற சத்தம் கேட்டது.

அத்தான் மட்டும் நகரவில்லை. அக்கா சட்டியில் வெங்காயத்தைப் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு கிளறினாள். அவர் அப்படியே நின்றார். அந்த மனிதர் எதற்காக நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா? அவள் எளிதில் இறங்கி வருகிற ஆள் இல்லை. வெங்காயம் பொன்னிறமாகும்வரை கிளறினாள். அடுப்பைத் தணித்தாள். பிறகு திரும்பினாள்.

"நீங்க ஏமாறலைங்க. நான்தான் தெரியாம சொல்லிட்டு இருந்தேன். உங்க கண்ணு தப்பே பண்ணலை."

அத்தான் என் பக்கம் திரும்பினார். "கேட்டியா மச்சான்?"

"கேட்டேன் அத்தான்."

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லு."

"நீங்க ஏமாறலை!" என்று அக்கா கூடத்துக்கே கேட்கும்படி கத்தினாள். "போதுமா? விலைதான் பாதி போச்சு, பரவாயில்லையா?"

"முழுசும் போகட்டும்," என்றார் அத்தான்.

அக்கா சிரித்துவிட்டாள். கத்தியைத் துடைத்து, பிடிப்பக்கமாக அவரிடம் நீட்டினாள். "அப்போ இந்தத் தக்காளியை நறுக்குங்க. எனக்குக் கை ஓஞ்சுபோச்சு."

அவர் தயங்கித் தயங்கி வாங்கினார். தக்காளியை எப்படிப் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அக்கா அவர் விரலை மடக்கி வைத்துக் காட்டினாள். கத்தியை வைத்து லேசாக இழுத்தார். தோல் கசங்காமல், ஒரு சொட்டுச் சாறு சிந்தாமல், கண்ணாடித் தாள்போல ஒரு வில்லை பலகையில் சரிந்தது.

"அட!" என்று கூவினார் அத்தான். "என்னமா வெட்டுது பாரேன்!"

சமையலுக்கு நாலு தக்காளி போதும். அத்தான் கூடையைக் காலி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.