அரிதார மஞ்சள்

எங்கள் எதிர்வீட்டு சஃபினாஸ் பெண்கள் பள்ளியில் ஓவிய டீச்சர். கெய்ரோவில் ஷுப்ராப் பக்கம் இந்தத் தெரு முழுக்க அவளை ‘அப்லா’ என்றுதான் கூப்பிடும். டீச்சரையும் அக்காவையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். கூடப்பிறந்த தங்கை ரிஹாமுக்கும் அவள் அப்லாதான். பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆப்பிளும் பூச்சாடியும் சொல்லிக்கொடுப்பாள். லீவு நாளில் அருங்காட்சியகத்துக்குப் போய், பழங்காலக் கல்லறைச் சுவரிலிருந்து பெயர்த்து வைத்திருக்கும் வாத்து ஓவியங்களின் முன்னால் கால் வலிக்க நின்றுவிட்டு வருவாள். வீட்டில் அவற்றையே நீர்வண்ணத்தில் வரைவாள். ஆனால் சுற்றிலும் ஜப்பான்காரர்கள் விடுகிற மாதிரி வெறும் தாளாக விட்டுவிடுவாள். அவள் புருஷன் ஷவ்கி மின்சார ஆபீஸ்காரர். பாதித் தாளுக்குத்தான் உனக்கு வேலை, மீதிக்கு லீவா என்று கேட்பார்.

அந்த வருஷம் நீர்வண்ணக்காரர்கள் சிலர் சேர்ந்து கண்காட்சி வைப்பதாக இருந்தது. ஒருவர் பாரசீகத் தோட்டங்களைப் பார்த்து வரைந்தார், இன்னொருத்தி மொராக்கோ ஓடுகளைப் பார்த்து. சஃபினாஸுக்கு மஞ்சள்தான் படியவில்லை. கடை டியூபில் வருவது கத்துகிறது, சுவரில் இருப்பது மினுங்குகிறது என்று என்னிடம் புலம்பினாள். அந்தக் காலத்தில் பூசியது அரிதாரம் என்கிற மஞ்சள் கல்லின் தூள். பொதுக் குளியல் கூடங்களில் முடி நீக்கச் சுண்ணாம்போடு குழைக்கிறவர்களுக்காக மருந்துச்சரக்குக் கடையில் இன்னும் வைத்திருக்கிறார்கள். பாஷாணத்தோடு கூடப்பிறந்தது அது. வெந்தயம் வாங்குகிற கடையிலேயே அதையும் ஒரு பொட்டலம் கட்டி வாங்கிவந்துவிட்டாள். ஷவ்கி குதித்தார். சமையலறைப் பக்கமே அது வராது என்று சத்தியம் பண்ணினாள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பிசினும் தேனும் விட்டு, கண்ணாடிப் பலகையில் அரைத்தாள்.

சத்தியத்தை அவள் மீறவில்லை. சமையலறையிலிருந்து தம்ளர்தான் இந்தப் பக்கம் வந்தது. தூரிகை கழுவும் ஜாடி முந்தின நாள் உடைந்திருந்தது. இன்று ஒருநாள் மட்டும் என்று தேநீர்த் தம்ளரை எடுத்துக்கொண்டாள்.

ரிஹாம் பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் குழந்தை அத்ஹமைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தது அன்றைக்குத்தான். பால் ஊற வேண்டும் என்று சஃபினாஸ் வெந்தயம் கொதிக்கவைத்து, அதேமாதிரி தம்ளரில் ஊற்றி, வண்ணங்கள் இருந்த மேஜையிலேயே வைத்தாள். ஒரு தம்ளரில் வெந்தய மஞ்சள், இன்னொன்றில் அரிதாரம் கழுவின மஞ்சள். காஸ் சிலிண்டர்காரன் கீழே சிலிண்டரைத் தட்டிக் கூப்பிட்டான். சஃபினாஸ் பால்கனியிலிருந்து கூடையை இறக்கிக் காசு கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் மேஜையில் மிச்சமிருந்த தம்ளரை எடுத்துப் பார்க்காமலே தொட்டியில் கொட்டினாள். அழுக்குத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பது நீர்வண்ணக்காரர்களின் கை வழக்கம். கண் படத்தின்மேல் இருக்கும், கை தானாகக் கொட்டும்.

ரிஹாமுக்கு அன்று மூக்கடைத்த ஜலதோஷம். வெந்தயம் என்றாலே பிடிக்காதவள், கண்ணை மூடி ஒரே மடக்காகக் குடித்திருந்தாள். நாக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“என்ன அப்லா, வடிகட்டவே இல்லையா? வாயெல்லாம் மணலா இருக்கு. மாமாவுக்கும் இப்படித்தான் குடுக்கிறியா? பாவம் மனுஷன்.”

சஃபினாஸ் தொட்டியைப் பார்த்தாள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எது போனது, எது உள்ளே போனது என்று சொல்ல ஒரு சொட்டுகூட மிச்சமில்லை. வெந்தயத்தை வடிகட்டினாளா இல்லையா என்று யோசித்துப் பார்த்தாள். தினமும் செய்கிற வேலை, இன்றைக்குச் செய்தது தனியாக நினைவில் நிற்கவில்லை.

கட்டிலில் கிடந்த அத்ஹம் விழித்து அழ ஆரம்பித்தான். ரிஹாம் அவனை மடியில் போட்டுப் பொத்தானைக் கழற்றினாள்.

“குடுக்காதே.”

“பசிக்குது அவனுக்கு.”

“குடுக்காதே, ரிஹாம். நீ குடிச்சது எதுன்னு எனக்குத் தெரியல.”

ரிஹாம் சிரித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தபிறகு நிறுத்திக்கொண்டாள்.

அப்புறம்தான் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. என் வீட்டுக்காரர் டாக்சி ஓட்டுகிறவர், சாப்பாட்டுக்கு வந்திருந்தார். பின்சீட்டில் ரிஹாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலிக்குதா என்று கேட்டால், கேட்டதால் வலிக்குது என்றாள். பசியில் கத்துகிற பிள்ளையை நான் தோளில் போட்டுத் தட்டினேன். சஃபினாஸ் பொட்டலத்தைப் பையில் வைத்து, பையை உடம்பில் படாமல் கை நீட்டிப் பிடித்தபடி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா பொட்டலத்தைப் பிரிக்காமலே பார்த்துவிட்டு, இதை வீட்டில் எதற்கு வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள்.

“வாத்து வரைய,” என்றாள் சஃபினாஸ்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். இது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, பயப்படத் தேவையிருக்காது என்றாள். ஆனால் கடைத்தூளில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். சிறுநீர்ச் சோதனையின் முடிவு வரும்வரை தாய்ப்பால் கூடாது.

முடிவு வரச் சில நாள் ஆயிற்று. அத்ஹம் புட்டியை வாயில் வைத்தாலே துப்பினான். ரிஹாம் கட்டிக்கொண்ட பாலைப் பிழிந்து குளியலறையில் ஊற்றிவிட்டு அழுவாள் என்று அவள் புருஷன் போனில் சொன்னான். போன் அடித்தால் சஃபினாஸ் எடுக்கமாட்டாள். எனக்குச் சைகை காட்டுவாள், நான் எடுத்துக் கேட்டுச் சொல்லவேண்டும். ஷவ்கி ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பிட உட்காருமுன் தன் தம்ளரைத் தானே கழுவிக்கொண்டார். திட்டினால்கூடத் தேவலை என்றாள் என்னிடம்.

பொட்டலத்தை என்ன செய்வதென்றும் தெரியவில்லை. குப்பையில் போடலாமென்றால், எடுக்கிறவர்கள் வெறுங்கையால் பிரிப்பார்கள். கழுவிவிட்டால் நைல் நதியில்தான் போய்ச் சேரும். பை மேல் பையாகக் கட்டிப் பால்கனி மூலையில் வைத்தாள். காற்றடித்தால் எழுந்துபோய் முடிச்சைப் பார்ப்பாள். கடைசியில் பள்ளியின் ரசாயன வாத்தியார் வாங்கிக்கொண்டு போனார்.

சோதனையில் ஒன்றுமில்லை. நான் எடுத்துக் கொடுத்த போனில் ரிஹாமே அவளிடம் சொன்னாள்.

“அப்ப நான் குடிச்சது வெந்தயம்தான். இந்த வயசுலயும் உனக்கு வடிகட்டத் தெரியல, அப்லா.”

சஃபினாஸ் போனை வைத்துவிட்டுப் போய் வடிகட்டியை எடுத்துப் பார்த்தாள்.

ஆனால் ரிஹாம் வரவில்லை. ஜலதோஷம், வெயில், பிள்ளைக்குத் தடுப்பூசி என்று வாரங்கள் போயின. ஒரு வெள்ளிக்கிழமை சஃபினாஸே கிளம்பினாள், என்னையும் கூட்டிக்கொண்டு. ரிஹாம் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள், உட்காரவைத்தாள், தேநீர் கொடுத்தாள், ஷவ்கி மாமாவைக் கிண்டல் பண்ணினாள். எல்லாம் பழையபடிதான் இருந்தது. அத்ஹம் நன்றாகக் கொழுத்திருந்தான். சஃபினாஸ் அவனை வாங்க இரண்டு கையையும் நீட்டினாள்.

ரிஹாம் முதலில் அந்த விரல்களைப் பார்த்தாள், நகக்கண்களை. பிறகுதான் பிள்ளையைக் கொடுத்தாள்.